வரலாற்றை வெட்டிவிட்டு எதை அச்சிடப் போகிறீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் பத்திரிகையில் பல வருடங்களாகக் காது, மூக்கு, தொண்டை பற்றி எழுதிவந்த டொக்டரின் கட்டுரைகளைத் தொகுத்து நூலாக்கப்போகிறார்கள் என்ற செய்தியைப் போன கிழமை பார்த்தேன். அவருடைய பெயரை நான் எழுதத் தேவையில்லை. மட்டக்களப்பில் ஒருநாளாவது காது வலியால் அழுத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களுக்குத் தெரியும். அவருடைய கிளினிக்கில் பதினொரு வருடம் தாதியாக நின்றவள் நான். சந்தோஷப்பட்டு முடியமுன் அடுத்த வரி கண்ணில் பட்டது: மருத்துவ வரலாறு பற்றிய பகுதிகளை விட்டுவிட்டு, மக்களுக்குப் பயன்படும் ஆலோசனைகளை மட்டும் சேர்ப்பார்களாம்.

மறுகா என்ன மிஞ்சும்? காதுக்குள் ஊசி, ஈர்க்கு விடாதீர்கள். மூக்கால் இரத்தம் வந்தால் அண்ணாந்து பார்க்காமல் முன்னால் குனிந்து மூக்கின் மெதுவான பகுதியைப் பத்து நிமிடம் அமத்திப் பிடியுங்கள். நல்ல புத்திதான். அதைக் கிளினிக் சுவரிலும் ஒட்டி வைத்திருந்தோம். வந்த சனத்தில் வாசித்தவர் ஒருவரும் இல்லை. உண்மையைச் சொன்னால் நானே முழுக்க வாசித்ததில்லை.

நாவலடிப் பக்கத்து மீன்பிடிகாரர் ஒருவர் வந்தார். அறுபது தாண்டிய மனுசன். வலது காதில் சீழ் வடிந்து வடிந்து கேள்வி குறைந்துவிட்டது. காதுச் சவ்வில் ஓட்டை, ஒப்பரேசன் செய்யலாம் என்று டொக்டர் சொன்னதும் துண்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு எழும்பிவிட்டார். டொக்டர் ஒன்றும் பேசாமல் இசைக்கவையை (தட்டினால் அதிர்ந்து ஒலிக்கும் இரண்டு கவர் உள்ள கம்பி) முழங்கையில் தட்டி, அவருடைய காதுக்குப் பின்னால் எலும்பில் ஊன்றினார். கேட்குது என்றார். சத்தம் ஓய்ந்ததும் அதையே எடுத்துக் காதுக்கு முன்னால் பிடித்தார். கேட்கல்ல. நல்ல காதென்றால் எலும்பில் ஓய்ந்த பிறகும் காற்றில் கொஞ்சநேரம் கேட்கும்.

"பூரணையில கல்லடி வாவிக்குப் பாடுமீன் சத்தம் கேட்கப் போனா என்ன செய்வீங்க?" என்று கேட்டார் டொக்டர்.

"துடுப்பைத் தண்ணிக்குள்ள விட்டு மத்த நுனியைக் காதில வைப்பம்."

"அதைத்தான் இப்ப செய்தன். இந்த எலும்புதான் உங்கட துடுப்பு. உள்நரம்பு நல்லாயிருக்கு, வாசல்தான் பழுது. 1855 இல ரின்னே எண்ட ஜெர்மன்காரர் எழுதி வச்ச சோதனை இது."

மனுசன் திரும்ப இருந்துவிட்டார். பிறகு அந்தக் கதை, ரின்னேயும் கல்லடி வாவியும் சேர்த்து, உங்கள் பத்திரிகையில் வந்தது. இப்போது சொல்லுங்கள், அந்தக் கட்டுரையில் எந்த வரி ஆலோசனை, எந்த வரி வரலாறு? கத்தரிக்கோலை எங்கே வைப்பீர்கள்?

காத்தான்குடியிலிருந்து ஒரு உம்மா மூன்று வயது மகளோடு வந்தார். மூக்கில் பாசிமணி. பிள்ளை நெற்றிக் கண்ணாடியைக் கண்டதும் கத்தத் தொடங்கியது. (சின்னதுகளுக்கு அவர் 'நெற்றிக்கண் டொக்டர்'. எரித்துவிடுவார் என்று பயம்.) டொக்டர் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு, "முத்தம் குடுக்கப்போறன் எண்டு சொல்லுங்க உம்மா" என்றார். பிள்ளையின் திறந்த வாயை உம்மா தன் வாயால் காற்றுப் போகாமல் மூடி, மணியில்லாத மூக்குத் துவாரத்தை விரலால் அடைத்து, ஒரு ஊது. பச்சை மணி உம்மாவின் கன்னத்தில் வந்து ஒட்டியது. 1965 இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஒரு குடும்ப வைத்தியர் இதை விவரித்ததையும், 'தாய் முத்தம்' என்று அதற்குப் பெயர் வந்ததையும் டொக்டர் எழுதினார். மூக்குக்குள் மணிக்கூட்டு பற்றரி போனால் மட்டும் முத்தமும் வேண்டாம் கித்தமும் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி, சில மணித்தியாலத்தில் சதையை அரித்துவிடும் என்பதையும் அதே கட்டுரையில்தான் எழுதினார். முத்தக் கதைக்காக வாசித்தவர்கள் பற்றரியையும் வாசித்தார்கள்.

என் பேரன் ஏழாம் வகுப்பில் படிக்கும்போது 'ஊத்தேக்கியாவின் குழாய்' என்று பாடமாக்கிக்கொண்டிருந்தான். மருந்து ஊத்துகிற குழாயோ அம்மம்மா என்று கேட்டான். அது ஊத்துகிற குழாய் அல்ல, ஊத்தேக்கி என்ற இத்தாலிக்காரர் 1564 இல் அச்சிட்ட நூலில் விவரித்த வழி, காதின் நடு அறையிலிருந்து மூக்கின் பின்புறத்துக்குப் போகிறது என்று டொக்டரின் கட்டுரையைக் காட்டினேன். தடிமன் பிடித்தால் காது ஏன் அடைக்கிறது என்று அதற்குப் பிறகு அவனே எனக்கு விளக்கினான்.

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் இருந்த கிறீன் வைத்தியரைப் பற்றிய நான்கு கட்டுரைகளையும் தொடவே வேண்டாம். 1847 இல் அமெரிக்காவிலிருந்து வந்து, தமிழிலேயே வைத்தியம் படிப்பித்து, தடித்தடி மருத்துவ நூல்களைத் தமிழாக்கிய மனுசன். 1884 இல் தன் ஊரில் செத்தபோதும் கல்லறையில் தமிழருக்கு வைத்தியம் செய்தவன் என்றே எழுதச் சொன்னவர். இசைக்கவை, செவிப்பறை என்று நாங்கள் இன்று தமிழில் பேசுகிற துணிவுக்குப் பின்னால் அப்படியான ஆட்கள் இருக்கிறார்கள்.

வெட்டத்தான் வேண்டுமென்றால் இடமிருக்கிறது. சுசுருதர் கன்னத்துத் தோலால் மூக்குச் செய்த கதையை டொக்டர் மூன்றுதரம் எழுதியிருக்கிறார், ஒன்று போதும். சில இடங்களில் வசனம் புளியந்தீவிலிருந்து தொடங்கி வவுணதீவு மட்டும் போகும். அதை முறித்துப் போடலாம், அவர் கோபிக்கமாட்டார். கடைசியில் ஒரு அட்டவணை வையுங்கள், ஆனால் குறும்பி, சீழ், தடிமன், வண்டு பூந்தது என்று சனம் சொல்கிற சொல்லில் வையுங்கள். 'புறச்செவி அழற்சி' என்று போட்டால் என்னைப் போன்றவளே தேடமாட்டாள். எனக்கு இடது காது மந்தம். சின்னதில் சீழ் வடிந்தபோது உள்ளி போட்டுக் காய்ச்சிய எண்ணெயை அம்மா சூடாகவே விட்டார். பாசத்தில்தான்.

கட்டுரைகளை வெட்டி இரண்டு கொப்பியில் ஒட்டி வைத்திருக்கிறேன். தொகுப்பவர்கள் கேட்டால் தருவேன். 2011 ஜனவரி வெள்ளத்தில் ஒரு கொப்பி நனைந்து சில பக்கங்கள் ஒட்டிக்கொண்டன. மனுவேல் கார்சியாவின் கட்டுரை அதில்தான் இருந்தது. வைத்தியரல்ல, பாட்டு வாத்தியார். 1854 இல் பாரிசில் ஆறு பிராங்குக்குப் பல்வைத்தியரின் சின்னக் கண்ணாடியை வாங்கி, வெயிலைத் தொண்டைக்குள் திருப்பித் தன் குரல்நாணைத் தானே பார்த்தவர். அவர் கண்ணாடியை வெந்நீரில் சூடாக்குகிற இடத்தோடு என்னிடம் உள்ள பகுதி முடிகிறது. 'தொடரும்' என்று போட்டிருக்கிறது. மிச்சம் எந்த வாசகரிடமாவது இருந்தால் உங்கள் காரியாலயத்துக்கு அனுப்பிவைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி,
கல்லடி, மட்டக்களப்பு.