என் மகனின் வகுப்பு டீச்சருக்கு

மதிப்பிற்குரிய டீச்சருக்கு,

வணக்கம். அவனுடைய டைரியில் 'வகுப்பில் கவனமே இல்லை' என்று நீங்கள் எழுதியிருந்ததைப் பார்த்தேன். அவன் மேல் அக்கறை இருப்பதால்தான் எழுதினீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த வரியை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

அவனுக்குக் கவனம் அதிகம். அதுதான் சிக்கல். சட்டைக் கழுத்தில் இருக்கும் லேபிள் உறுத்தினால் அன்று முழுக்க அவனுக்கு வேறு நினைப்பே ஓடாது. கத்தரியால் வெட்டினாலும் போதாது, மிஞ்சிய ஓரம் இன்னும் மோசமாகக் குத்தும். புதுச் சட்டை வாங்கியதும் ஊசி நுனியால் தையலைப் பிரித்து லேபிளை முழுதாக எடுத்துவிடுகிறேன்.

வகுப்பில் என்ன தொல்லை என்று கேட்டேன். "டியூப்லைட் கொய்ங் என்று கத்துகிறது அம்மா" என்றான். பெற்றோர் கூட்டத்தன்று அவன் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். நேர் மேலே, இரு முனையும் கறுத்த பழைய டியூப்லைட். அதன் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சோக் என்ற பெட்டியின் ரீங்காரம் முதலில் எனக்குக் கேட்கவில்லை. கேட்கத் தொடங்கிய பிறகு, நீங்கள் பேசியது பாதிதான் காதில் விழுந்தது. அந்தப் பழைய வகை சோக் உள்ள விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கிறது. பெரும்பாலோர் கண்ணுக்கு அது தெரியாது. சிலருக்குத் தலைவலியே வந்துவிடும்.

நியூயார்க்கில் ஒரு பள்ளியை ஒட்டி, மேம்பாலத்தில் ரயில் ஓடிக்கொண்டிருந்தது. ஆர்லின் பிரான்சாஃப்ட் என்ற உளவியலாளர் அங்கே ஆராய்ந்து 1975-இல் முடிவை வெளியிட்டார். தண்டவாளப் பக்கத்து வகுப்புகளில் படித்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகள், அதே பள்ளியின் மறுபக்கத்துப் பிள்ளைகளைவிட வாசிப்பில் ஏறக்குறைய ஓராண்டு பின்தங்கியிருந்தார்கள். பிறகு தண்டவாளத்துக்கு அடியில் ரப்பர் வைத்தார்கள், வகுப்பறைக் கூரையில் ஒலியை உறிஞ்சும் பலகை பொருத்தினார்கள். அடுத்து ஆராய்ந்தபோது அந்த வித்தியாசமே இல்லை. அதுவரை அந்தப் பிள்ளைகள் எத்தனை திட்டு வாங்கியிருப்பார்களோ என்று நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது, டீச்சர்.

அவனை ஜன்னலோர பெஞ்சுக்கு மாற்றினால்கூடப் போதும். ஆனால் அந்த டியூப்லைட்டின் கீழே நாளை வேறொரு பிள்ளை உட்காரும். நீங்கள் அனுமதி வாங்கித் தந்தால், சனிக்கிழமை அவன் தாத்தா எல்.இ.டி. விளக்கோடு வந்து மாட்டித் தருவார். ஏணி மட்டும் பள்ளியில் இருக்குமா?

அன்புடன்,
அவன் அம்மா