விட்டுக்கொடுத்த இரண்டடி

உதகமண்டலம்

அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை இரவு நீ தொலைபேசியில் பேசியபோது உன் குரல் கம்மியிருந்தது. எடின்பரோவின் குளிர்தான் காரணம் என்று முடிவு செய்துகொண்டு உன் அம்மா சுக்குக் கஷாயத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டாள். அது சளியில்லை என்பது எனக்கு உன் இரண்டாவது வாக்கியத்திலேயே தெரிந்துவிட்டது. "நான் செய்தது தவறா அப்பா?" என்று நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். பதில் என்னிடம் இல்லாததால்தான் அப்படிச் செய்தேன். நான்கு நாள்களாக யோசித்ததை இப்போது எழுதுகிறேன்.

நடந்ததை நான் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறேனா என்று பார். உங்கள் கோல்ஃப் மன்றத்தின் மகளிர் அணிக்கு ஐந்து ஒற்றையர் ஆட்டங்கள், நான்கு முடிந்து இரண்டுக்கு இரண்டு என்று நிற்கிறது, ஐந்தாவது உன்னுடையது. பதினெட்டாவது குழிக்கு வரும்போது நீயும் அந்தப் பெண்ணும் சமம். நீ உன் பந்தைக் குழியில் போட்டு முடித்துவிட்டாய், அவளுக்கு இன்னும் இரண்டடி தூரம் மிச்சம். அவள் கை நடுங்குவதைக் கண்டு, அடிக்க வேண்டாம், பந்தை எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டாய். உன் ஆட்டம் சமனாகி, அணிகளும் சமனாகி, வென்றால் மட்டுமே கிடைக்கக்கூடிய அடுத்த சுற்று உங்கள் கையைவிட்டுப் போயிற்று. திரும்பி வரும்போது காரில் யாரும் பேசவில்லை; கடைசியில் அணித்தலைவி மட்டும், "அது உனக்கு மட்டும் சொந்தமானதா, நீ எடுத்துக்கொடுக்க?" என்று கேட்டார். அந்தக் கேள்வி உன்னைக் குத்தியிருக்கிறது. நியாயமான கேள்வி என்பதால்தான் அது இவ்வளவு ஆழமாகக் குத்தியது என்று நினைக்கிறேன்.

நம் மொழியில் 'விட்டுக்கொடுப்பது' என்ற சொல்லுக்கு இரண்டு முனைகள் இருக்கின்றன. உறவுக்குள் விட்டுக்கொடுப்பவனைப் பெரிய மனிதன் என்கிறோம். ஆனால் ஊராருக்கு முன்னால் தன் வீட்டாரை விட்டுக்கொடுத்துப் பேசுபவனை யாரும் மதிப்பதில்லை. உன் பாட்டி தாத்தாவோடு எவ்வளவு சண்டையிட்டாலும் வெளியாரிடம் அவரை ஒரு சொல்லுக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. தனி ஆளாக விளையாடும்போது முதல் முனை மட்டுமே கையில் படும். அணிக்காக விளையாடும்போது இரண்டும் ஒரே நேரத்தில் படுகின்றன. நீ எதிராளிக்கு விட்டுக்கொடுத்தாய். அதனால் உன் தோழிகளை விட்டுக்கொடுத்துவிட்டாயா என்பதே உன் தலைவி கேட்டது.

இதே கேள்வி 1969இல் இங்கிலாந்தின் ராயல் பர்க்டேலில், அமெரிக்காவும் பிரிட்டனும் அணிகளாக மோதிய ரைடர் கோப்பையின் கடைசி நாளில், கடைசி ஆட்டத்தின் கடைசிக் குழியில் எழுந்தது. உதகையில் நான் ஆடப் பழகிய காலத்தில் மன்றத்தின் வாசிப்பறையில் கிடந்த பழைய இதழ்களிலிருந்துதான் அதை முதலில் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவின் ஜாக் நிக்லாஸுக்கு அதுதான் முதல் ரைடர் கோப்பை. எதிரே நின்ற டோனி ஜாக்லின் அந்த ஜூலையில்தான் பிரிட்டிஷ் ஓப்பனை வென்றிருந்தார். 1951க்குப் பிறகு பிரிட்டனைச் சேர்ந்த ஒருவர் அதை வென்றது அதுவே முதல்முறை என்பதால் நாடே அவர்மேல் கண்ணாக இருந்தது. அன்று காலை ஆட்டத்தில் ஜாக்லின் நிக்லாஸை வென்றிருந்தார். மாலையில் மறுபடியும் இருவரும் மோதினார்கள். பதினேழாவது குழியில் மிக நீண்ட தூரத்திலிருந்து பந்தைக் குழிக்குள் செலுத்தி ஜாக்லின் ஆட்டத்தைச் சமனாக்கினார். பதினெட்டில் நிக்லாஸ் தம் பந்தைப் போட்டு முடித்தார். ஜாக்லினுக்கு மிச்சமிருந்தது ஏறத்தாழ இரண்டடி, உன் எதிராளிக்கு இருந்த அதே தூரம். நிக்லாஸ் குனிந்து, ஜாக்லின் வைத்திருந்த அடையாளக் காசைத் தாமே எடுத்துக் கொடுத்தார். நீ தவறவிட்டிருப்பாய் என்று நான் நினைக்கவில்லை, ஆனால் இந்த நிலையில் அந்த வாய்ப்பை உனக்குத் தர எனக்கு மனமில்லை என்ற பொருளில் அவர் பேசியதாகப் பதிவாகியிருக்கிறது. 32 ஆட்டங்களின் முடிவில் இரு அணிகளும் 16-16. ரைடர் கோப்பை 1927இல் தொடங்கிய பிறகு சமனில் முடிந்தது அதுவே முதல் தடவை.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திக்கொள்கிறார்கள். அமெரிக்க அணியின் தலைவர் சாம் ஸ்னீட் அதை ரசிக்கவில்லை. ஜெயிக்கத்தான் வந்தோம், நல்ல பையன்களாகப் பெயர் வாங்க வரவில்லை என்பது அவருடைய நிலைப்பாடு. அவரைச் சின்ன மனிதர் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. மூன்று நாள்கள் மற்றவர்கள் ஓடியாடிச் சேர்த்த அரைப் புள்ளிகளுக்கும் ஒரு மதிப்பு உண்டு. தலைவராக இருப்பவர் அதைக் காக்கத்தான் அங்கே நிற்கிறார். இன்னொன்றையும் கவனி. கோப்பையை அப்போது வைத்திருந்தது அமெரிக்கா. சமனில் முடிந்தால் வைத்திருப்பவரிடமே அது தங்கும். ஆகவே நிக்லாஸ் விட்டுக்கொடுத்தது வெற்றிக்கான ஒரு வாய்ப்பை; கோப்பையை அல்ல. இதை எழுதுவதால் அவருடைய பெருந்தன்மை குறைந்துவிடாது. தம் தோழர்களுக்குச் சேர வேண்டிய முக்கியமானது பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்த ஓரிடத்தில், எஞ்சியதைத் தாராளமாகக் கொடுத்தார். அந்தக் கணக்கு உனக்கு இருந்ததா என்று உன்னையே கேட்டுக்கொள். இல்லாவிட்டாலும் பாதகமில்லை, ஆனால் அடுத்த முறை குனிவதற்கு முன் அது உன் மனத்தில் ஓட வேண்டும்.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது, அதை அப்பா என்ற உரிமையில்தான் கேட்கிறேன். அவள் கை நடுங்கியதைக் கண்டு இரக்கப்பட்டுக் கொடுத்தாயா, அல்லது அவள் தவறவிட்டால் நீ வெல்லப்போவதைப் பார்க்க உனக்கே கூச்சமாக இருந்ததா? சிறுவயதில் பல்லாங்குழியில் ஜெயிக்கப்போகும்போது நீ காய்களைக் கலைத்துவிட்டு எழுந்துபோவாய். பிறர் தோல்வியைக் காணப் பொறுக்காத மனம் நல்ல மனம்தான்; ஆனால் இரண்டடிப் பந்தை அடித்து முடிக்கும் மரியாதையை எதிராளிக்குத் தருவதும் ஒரு பண்பு என்பதை அந்த மனம் சில சமயம் மறந்துவிடுகிறது. அவள் அதைப் போட்டிருந்தால் அந்தச் சமன் அவள் சம்பாதித்ததாக இருந்திருக்கும்.

ஆனால் கொடுக்காமல் இருப்பதும் எளிதில்லை. 2015இல் ஜெர்மனியின் செயின்ட் லியோன்-ராட்டில் நடந்த, அமெரிக்க, ஐரோப்பிய மகளிர் அணிகள் மோதும் சோல்ஹைம் கோப்பையை நாம் இருவரும் சேர்ந்து பார்த்தோமே, நினைவிருக்கிறதா? பதினேழாவது குழியில் அமெரிக்காவின் அலிசன் லீ அடித்த பந்து குழியைத் தாண்டி ஒன்றரை அடியில் நின்றது. எதிரணியின் சார்லி ஹல் நடையைக் கட்டிவிட்டிருந்தார். விட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்று எண்ணி லீ பந்தைக் கையில் எடுத்துவிட்டார். நாங்கள் அப்படிச் சொல்லவில்லை என்றார் ஹல்லின் கூட்டாளி சுசான் பெட்டர்சென். விதி அவர் பக்கம்தான் இருந்தது. தண்டனை அடி விழுந்து அந்தக் குழியையும், பிறகு அந்த ஆட்டத்தையும் அமெரிக்கா இழந்தது. ஹல்லும் லீயும், எதிரெதிர் அணிகளில் இருந்தவர்கள், இருவருமே அழுதார்கள். 10-6 என்று முன்னிலையில் இருந்த ஐரோப்பா அன்று பிற்பகல் ஒற்றையர் ஆட்டங்களில் சரிந்து 14½-13½ என்று தோற்றது. கோபம்தான் அமெரிக்கர்களை எழுப்பியது என்று பலர் சொன்னார்கள், இருக்கலாம். பெட்டர்சென் மறுநாள் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். நீ அப்போது அவர்மேல் கோபத்தில் தொலைக்காட்சியை அணைத்தாய். நான் உன்னைத் திருத்தவில்லை. ஏனென்றால் நான் அவர் நிலையில் இருந்திருக்கிறேன், அதை உனக்குச் சொல்லியதில்லை.

உன் பிறப்புக்கு முன்பு, இங்கே ஒரு மன்றங்களுக்கிடையேயான ஆட்டத்தில், என்னைவிட இருபது வயது மூத்த ஒருவர் கையகல தூரத்தில் நின்ற பந்தை, நான் தலையசைத்ததாக நினைத்து எடுத்துவிட்டார். நான் தலையசைத்தது என் பையைச் சுமந்துவந்த உதவியாளரிடம். அவருக்கு அது தெரியாது என்பது எனக்குத் தெரியும். இருந்தும் குழி எனக்கு என்று உரிமை கோரினேன். அவர் ஒரு சொல்லும் மறுத்துப் பேசவில்லை. எங்கள் அணி அரைப் புள்ளி வித்தியாசத்தில் வென்றது. தேநீர் மேசையில் என் அணியினர்கூட என்னிடம் ஆட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. என் தேநீருக்கும் சேர்த்து அவர்தான் பணம் கொடுத்துவிட்டுப் போனார். மன்னிப்புக் கேட்பதற்கு எனக்கு ஆறு ஆண்டுகள் இருந்தன. கேட்கவில்லை, பிறகு அவர் இல்லை. பெட்டர்சென் ஒரே இரவில் செய்ததை நான் ஆறு ஆண்டுகளில் செய்யவில்லை என்பதால்தான் அன்று உன் கோபத்துக்குத் துணை நிற்க முடியவில்லை. அவரே 2019இல், நீ இருக்கும் ஊரிலிருந்து அதிக தூரமில்லாத க்ளெனீகிள்ஸில், கடைசிக் குழியில் கடைசிப் பந்தைப் போட்டு ஐரோப்பாவுக்குக் கோப்பையை வென்றுகொடுத்து, அன்றே ஆட்டத்திலிருந்து ஓய்வும் பெற்றார். குழந்தை பிறந்து நெடுநாள் விலகியிருந்தவரை நம்பி அணியில் சேர்த்தவர், வடக்கு பெர்விக்கைச் சேர்ந்த தலைவி கேத்ரியோனா மேத்யூ.

1999இல் அமெரிக்காவின் புரூக்லைனில், ஐரோப்பாவுக்கு எதிரான ரைடர் கோப்பையில் நடந்ததை நீ அறிவாய்: ஜஸ்டின் லியனார்ட் நெடுந்தூரப் பந்தைப் போட்டதும், எதிராளி ஒலாசாபல் இன்னும் அடிக்க வேண்டியிருக்கும்போதே அமெரிக்க வீரர்கள் குழியைச் சுற்றியுள்ள புல்தரையான கிரீனுக்குள் பாய்ந்தது. எல்லோரும் அதையே பேசுகிறார்கள். எனக்கு அன்று பிடித்தது அதற்குச் சற்றுப் பின்னால் நடந்தது. அன்று முழுவதும் கூட்டத்தின் ஏச்சைக் கேட்டுக்கொண்டே ஆடினார் ஐரோப்பிய அணியின் கொலின் மாண்ட்கோமெரி. அதைத் தாங்க முடியாமல் அவர் தந்தை மைதானத்தை விட்டே போய்விட்டார். கோப்பை முடிவாகிவிட்ட பிறகு, பதினெட்டாவது கிரீனில் அமெரிக்காவின் பெய்ன் ஸ்டூவர்ட் மாண்ட்கோமெரியின் பந்தை எடுத்துக் கொடுத்து, தம் தோல்வியை ஏற்றுக்கொண்டார். அங்கே தோழர்களுக்குச் சேர வேண்டியது எதுவும் மிச்சமில்லை. கொடுத்தது முழுக்க அவருடைய சொந்தக் கணக்கிலிருந்து. ஒரே மாதத்தில் விமான விபத்தில் அவர் இறந்துபோனார். அந்தத் தந்தையின் இடத்தில் என்னை வைத்துப் பார்ப்பதுண்டு; மைதானத்தை விட்டுப் போயிருக்க மாட்டேன் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அணியை விட்டு விலகிவிடலாமா என்றும் கேட்டாய். வேண்டாம். தனியாக ஆடும் கோல்ஃபில் மதிப்பெண் அட்டையோடு நீ வீடு திரும்புவாய். நன்றாக ஆடிய நாளில்கூட அந்த மகிழ்ச்சியைப் பங்கிட யாரும் இருப்பதில்லை. ஃபோர்சம் ஆட்டத்தில், இரண்டு பேருக்கு ஒரே பந்து. நீ அடித்துப் புதருக்குள் தள்ளியதை அவள் வெளியே எடுப்பாள், அவள் மணலில் இறக்கியதை நீ மீட்பாய். என் பழைய கூட்டாளி ஒரே ஒரு விதி வைத்திருந்தார்: பதினெட்டுக் குழியும் முடியும்வரை ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்கக் கூடாது. வென்லாக் டவுன்ஸில் மூடுபனி இறங்கி எதிரே பத்தடி தெரியாத ஒரு காலையில், நான் அடித்த பந்து எங்கே விழுந்ததென்று காதால் கேட்டே அவர் கண்டுபிடித்தார். அன்று நாங்கள் தோற்றோம், ஆனால் அந்த 'டொக்' என்ற ஓசையைப் பற்றி இன்றும் பேசுகிறோம். தன் ஆட்டம் முடிந்தவர்கள் உள்ளே போய்க் காலணியைக் கழற்றாமல், எதிர்த்திசையில் நடந்து, இன்னும் ஆடிக்கொண்டிருக்கும் தோழியைத் தேடி வருவார்களே, தொலைவில் ஒரு சிறு கும்பல் உன்னை நோக்கி வருவது தெரியுமே, அதைவிட நல்ல காட்சியை நான் எந்த மைதானத்திலும் கண்டதில்லை. அன்று பதினெட்டாவது கிரீனைச் சுற்றி உன் நான்கு தோழிகளும் நின்றார்கள் என்றாய். அவர்கள் உனக்காக நடந்து வந்தவர்கள். காரில் பேசாமல் இருந்ததற்கும் அதுவே காரணம்.

ஆகவே தலைவியிடம் போய்ப் பேசு. கொடுத்தது தவறு என்று சொல்லச் சொல்லவில்லை. அவர்களைக் கேட்காமலும் நினைக்காமலும் கொடுத்தேன் என்று மட்டும் சொல். ஒரு முறை கொடுத்ததைத் திரும்பப் பெற முடியாது என்பது விதிப்புத்தகத்திலேயே இருப்பதால், அதைப் பற்றி மேலும் வாதாட அவருக்கும் ஒன்றுமிருக்காது. ஒரு மாலை நேரம் கிடைத்தால் லீத் புல்வெளிக்கும் போய்வா. 1744இல் எடின்பரோ ஆட்டக்காரர்கள் கோல்ஃபின் முதல் பதின்மூன்று விதிகளை எழுதிக்கொண்டது அந்தப் புல்வெளியில் ஆடுவதற்காகத்தான். இப்போது அங்கே சிறுவர்கள் கால்பந்து ஆடுகிறார்களாம்.

உன் அம்மா சுக்கும் மிளகும் பொட்டலம் கட்டி வைத்திருக்கிறாள், அடுத்த வாரம் அஞ்சலில் வரும். சனிக்கிழமை உனக்கு முதல் ஆட்டம் என்றால் சீக்கிரமே முடிந்துவிடும். முடிந்ததும் அழைக்காதே, எந்தக் குழிவரை, யாருக்காக எதிர்த்திசையில் நடந்தாய் என்பதையும் சேர்த்துச் சொல்லும்படி, எல்லா ஆட்டமும் முடிந்த பிறகு அழை.

அன்புடன்,
அப்பா