காற்றாலைக்கு இடம்: வரைபடம் மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நிலப்பரப்பில் காற்றாலை அமைக்க இடம் தேர்வது பற்றிய பேச்சு பெரும்பாலும் காற்று வரைபடத்தில் (எங்கே எவ்வளவு வேகமாகக் காற்று வீசும் என்பதை நிறங்களால் காட்டும் படம்) தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகிறது. காற்றின் வேகமே முதன்மையானது என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. காற்றிலுள்ள ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்பக் கூடுவதால், வினாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் வீசும் காற்றைவிட 7 மீட்டர் வேகத்தில் வீசும் காற்றில் ஏறத்தாழ 59 சதவீதம் கூடுதல் ஆற்றல் உண்டு. ஆகவேதான் வரைபடத்தின் சிறு பிழைகூடத் திட்டத்தின் வரவு செலவையே புரட்டிவிடும். உயரமான கம்பம் நட்டு, பல உயரங்களில் வேகமானிகளைப் பொருத்தி, குறைந்தது ஓராண்டு அளந்து பார்க்காமல் எந்த இடத்தையும் உறுதிசெய்வது சரியன்று. மேட்டின் விளிம்பும் மரவரிசையும் கிளப்பும் கொந்தளிப்பு, இறக்கைகளையும் பல்சக்கரப் பெட்டியையும் தேய்த்துவிடும் என்பது வரைபடத்தின் நிறத்தில் தெரியாது.

நான் வலியுறுத்த விரும்புவது, கம்பம் நிற்கும் அதே ஓராண்டில் அந்த நிலத்தை யார் யார் பயன்படுத்துகிறார்கள் என்பதையும் கணக்கெடுக்க வேண்டும் என்பதே. ஆவணத்தில் 'தரிசு' என்றிருக்கும் நிலத்துக்குச் சில மாதங்கள் மட்டும் மந்தைகள் வரலாம். வலசைப் பறவைகள் சில வாரங்கள் மட்டும் அதன்மேல் கடந்து போகலாம். பருவம் தப்பி இரண்டு நாள் சுற்றிப் பார்த்துவிட்டு எழுதும் அறிக்கையில் இவை எதுவும் இருக்காது. (அத்தகைய அறிக்கைகள்தாம் விரைவில் ஒப்புதல் பெறுகின்றன என்பது வேறு விஷயம்.)

நார்வேயின் ஃபோசன் பகுதியில், சாமி பழங்குடியினர் குளிர்காலத்தில் துருவ மான்களை மேய்க்கும் நிலத்தில் அமைந்த காற்றாலைகளுக்கான உரிமங்கள் செல்லாதவை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் தீர்ப்பளித்தபோது, 151 காற்றாலைகள் ஏற்கெனவே சுழன்றுகொண்டிருந்தன. அவற்றை அகற்றவும் இல்லை. மேய்ப்பர்களுடனான உடன்பாடுகள் முழுமை பெற 2024 மார்ச் ஆயிற்று. கலிபோர்னியாவின் ஆல்டமாண்ட் கணவாயில் 1980களில் நெருக்கமாக நடப்பட்ட காற்றாலைகளில் பொன்னாங்கழுகுகள் அடிபட்டு மடிந்ததால், பின்னாளில் பழையவற்றை எடுத்துவிட்டு, எண்ணிக்கையைக் குறைத்து, இடம் பார்த்துப் பெரியவற்றை நிறுவ நேர்ந்தது.

குடியிருப்புகளின் சிக்கலும் முன்கூட்டியே கணிக்கக்கூடியதுதான். சூரியன் தாழ்ந்திருக்கும் வேளையில், சுழலும் இறக்கையின் நிழல் வீட்டுச் சன்னலில் விட்டு விட்டு விழும். எந்த வீட்டில், எந்த நாளில், எத்தனை நிமிடம் விழக்கூடும் என்பதைச் சூரியனின் பாதையைக் கொண்டு கணக்கிட்டுவிடலாம். இரைச்சலுக்கும் கணக்கு உண்டு. துணைமின் நிலையத்தின் தொலைவும் நீண்ட இறக்கையை ஏற்றிவரும் வண்டி திரும்பச் சாலையில் இடமுண்டா என்பதும் எப்படியும் பார்க்கப்படுகின்றன. அவை நிறுவனத்தின் செலவாயிற்றே.

காற்று அளவீடுகளைத் தொழில் இரகசியமாக நிறுவனங்கள் வைத்துக்கொள்ளட்டும். மேய்ச்சல், பறவைகள், நிழல், இரைச்சல் பற்றிய கணக்கெடுப்புகளை மட்டுமாவது, உரிமம் வழங்குவதற்கு முன்பே, அவ்வூர் மக்கள் படித்து மறுப்புச் சொல்ல அவகாசம் இருக்கும்படி, அவர்களின் மொழியில் வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்