மூன்று முறை பிடிபட்ட கிளிநொச்சி

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய ஆய்வுக் கட்டுரையின் முதல் அத்தியாயத்தைப் படித்தேன். நீண்ட போரில் வெற்றியை எதைக் கொண்டு அளப்பது என்ற கேள்வி நல்ல கேள்வி. ஆனால் அதற்கு நீ போட்டிருக்கும் அட்டவணை எனக்குச் சரியாகப் படவில்லை. பிடித்த நிலம், கொன்ற தொகை, எடுத்த ஆயுதம் என்று மூன்று நிரல் வைத்திருக்கிறாய். மூன்றுமே போரை நடத்துகிறவர்கள் தாங்களாக எண்ணிக் கொடுக்கிற கணக்கு. அவர்கள் கணக்கை வைத்து அவர்களையே எடைபோட முடியாது, அம்மா.

நிலத்தை எடுத்துக்கொள். 1996 செப்டம்பரில் இலங்கை இராணுவம் வடக்கே கிளிநொச்சியைப் பிடித்தது. 1998 செப்டம்பர் கடைசியில் விடுதலைப் புலிகள் அதைத் திரும்ப எடுத்தார்கள். ஏறக்குறைய அதே நாட்களில் இராணுவம் அதற்குத் தெற்கே உள்ள மாங்குளத்தைப் பிடித்தது. ஒரே வாரத்தில் கொழும்பு அரசுக்கு ஒரு வெற்றி, வன்னிக் காட்டுப் பகுதியில் இருந்த புலிகளுக்கு ஒரு வெற்றி. 2009 ஜனவரி 2ஆம் திகதி கிளிநொச்சி மறுபடி இராணுவத்தின் கைக்கு வந்தது. உன் அட்டவணைப்படி பார்த்தால் அந்த ஊர் மூன்று வெற்றி. அங்கே வீடு வைத்திருந்தவனுக்கு மூன்று இடப்பெயர்வு.

ஜெயசிக்குறு என்ற இராணுவ நடவடிக்கை 1997 மே 13ஆம் திகதி தொடங்கியது. வவுனியாவிலிருந்து ஏ9 வீதியைத் திறந்து யாழ்ப்பாணத்துக்குத் தரைவழி எடுப்பதுதான் நோக்கம். ஒன்றரை வருஷத்துக்கு மேலாக மைல் மைலாகப் பிடித்த நிலத்தில் பெரும்பகுதி 1999 நவம்பரில் சில நாட்களிலேயே புலிகளின் கைக்குப் போனது. காரணத்தை நீ கட்டாயம் எழுத வேண்டும். ஒரு வீதியை 20 மைல் பிடித்தால் காக்க வேண்டிய ஓரம் இரண்டு பக்கமுமாக 40 மைல். முன்னேற முன்னேற ஓரக் காவலுக்கே ஆள் போய்விடும், முன்னணி மெலிந்துவிடும். எதிரி முழு நீளத்தையும் அடிக்கத் தேவையில்லை, தனக்கு வசதியான ஓர் இடத்தை உடைத்தால் போதும். அதனால் ‘பிடித்த நிலம்’ என்ற நிரலுக்குப் பக்கத்தில், அதைக் காக்க எத்தனை ஆள் தேவைப்பட்டது, எத்தனை மாதம் நிலைத்தது என்று இன்னும் இரண்டு நிரல் போடு.

கொன்ற தொகைக்கு வியட்நாமைப் பார். எதிரி ஆள் சேர்ப்பதைவிட வேகமாக நாம் கொன்றால் ஒருநாள் அவனுக்கு ஆள் தீரும் என்பது அமெரிக்கத் தளபதிகளின் கணக்கு. அதனால் பிணத் தொகை பதவி உயர்வுக்கு அளவுகோலானது. 1968 டிசம்பர் முதல் 1969 மே வரை மீகொங் கழிமுகத்தில் 9ஆவது காலாட்படைப் பிரிவு ஒரு நடவடிக்கை செய்தது. கொன்றதாகச் சொன்னது 10,899 பேர். கைப்பற்றிய ஆயுதம் 748. பதினான்கு பேருக்கு ஒரு துப்பாக்கி! மற்றவர்கள் யார் என்ற கேள்வி அந்த இரண்டு எண்ணுக்கு நடுவில் கிடக்கிறது. எந்தப் போர் அறிக்கையைப் படித்தாலும் இந்த இரண்டையும் முதலில் வகுத்துப் பார்.

இங்கே தோட்டத்தில் பறிக்கிற தேயிலைக் கொழுந்துக்கும் இதே கதிதான். கிலோவுக்கு மட்டும் காசு என்றால் முற்றிய இலையும் கூடைக்குள் வரும். நிறுவை கூடும், தேயிலை கெடும்.

ஊர்களை எண்ணுவதிலும் அதே கோளாறு. வியட்நாமில் 1967இலிருந்து ஒவ்வொரு குக்கிராமமும் எவ்வளவு பாதுகாப்பானது என்று அமெரிக்கர்கள் மாதாமாதம் ஏ, பி, சி, டி, ஈ எனத் தரம் போட்டார்கள், 18 குறிகாட்டிகளை வைத்து. மாவட்டத்தில் இருந்த ஆலோசகர் ஒருவரே பல பத்து ஊர்களுக்குப் போட வேண்டும். போக முடியாத ஊருக்குப் போன மாதத் தரத்தையே போடுவதும், தன் வேலையைத் தானே குறைத்துச் சொல்லத் தயங்குவதும் இயல்பு. மக்களில் மூன்றில் இரண்டு பங்கு பாதுகாப்பான ஊர்களில் இருப்பதாகக் கணக்கு காட்டிய வேளையில், 1968 ஜனவரி கடைசியில் நாடெங்கும் நகரங்களை ஒரே நேரத்தில் அடித்த டெட் தாக்குதல் வந்தது. அந்தத் தாக்குதலில் படைக்கணக்கில் பெரிதாக இழந்தது வட வியட்நாம் தரப்புதான். ஆனாலும் 1975 ஏப்ரல் 30இல் தென் வியட்நாமின் தலைநகர் சைகோனுக்குள் நுழைந்ததும் அவர்கள்தான்.

ஆப்கானிஸ்தானைச் சுருக்கமாக எழுது. காகிதத்தில் 3 லட்சத்துக்கு மேற்பட்ட படை, அதில் இல்லாத ஆட்களுக்கும் சம்பளம், 2021 ஆகஸ்ட் 15இல் காபூல் விழுந்தது. ஆனால் ஒன்றை விட்டுவிடாதே. எத்தனை மாவட்டம் யார் கையில் என்ற கணக்கு சாதகமாக இல்லாமல் போனபின், 2019இல் அமெரிக்கத் தரப்பு அந்தக் கணக்கெடுப்பையே நிறுத்திவிட்டது. எண்ணுவது எப்போது நின்றது என்பதும் ஒரு தகவல்.

இனி உன் அட்டவணையில் இல்லவே இல்லாத ஒன்று. 2009 பெப்ரவரியில் வன்னிக்குள் 70,000 பேர்தான் இருக்கிறார்கள் என்றது அரசாங்கம். கடைசியில் முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் சுமார் 2,90,000 பேர். ஒருவருக்கு நாளுக்கு அரைக் கிலோ உலர் உணவு என்று வைத்துப் போட்டுப் பார். முதல் எண்ணுக்கு 35 டன், இரண்டாவதற்கு 145 டன். நாளுக்கு 110 டன் குறை, அதாவது 10 டன் லொறியில் 11 லொறி. மருந்துக்கும் அதே விகிதம். அந்த எண்ணைக் குறைத்துச் சொன்னதால் வந்த பட்டினியை ஐ.நா. நிபுணர் குழு 2011இல் எழுதியிருக்கிறது. கடைசி மாதங்களில் 40,000 வரை பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்று சொன்னதும் அதே அறிக்கை. வெளியேற முயன்ற சனங்களைப் புலிகள் தடுத்ததும் சுட்டதும் அதிலேயே இருக்கிறது. இரண்டையும் எழுது. நம்முடைய ஆட்கள் என்று யாருக்கும் சலுகை கொடுக்காதே. 1996இல் முல்லைத்தீவு முகாம், 2000இல் ஆனையிறவு முகாம், 2001இல் கட்டுநாயக்க விமானத் தளம் என்று புலிகள் இயக்கம் அடித்த ஒவ்வொன்றும் உன் மூன்று நிரலிலும் நிறைந்து நிற்கும். 1990 ஒக்டோபரில் அதே இயக்கத்தால் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களுக்கு எந்த நிரல்?

குண்டுச் சத்தம் நின்றது பெரிய விஷயம். அதைக் குறைத்து எழுதாதே. ஆனால் நின்ற பிறகு என்ன என்று கேள். யாழ்ப்பாணக் குடாநாட்டில் உள்ள முகமாலையை எடு, 2000 முதல் 2008 வரை முன்னரங்கு அசையாமல் கிடந்த இடம். மிதிவெடி அகற்றுகிறவர் ஒரு மீற்றர் அகலப் பாதைக்குள் முழங்காலில் இருந்து வேலை செய்கிறார். உலோகம் குறைந்த பிளாஸ்டிக் மிதிவெடியைக் கருவி சரியாகக் காட்டாது, ஆகவே மண்ணை வாரியால் அடுக்கடுக்காக இழுத்துப் பார்க்க வேண்டும். ஒரு நாளில் ஒருவர் முடிப்பது சில சதுர மீற்றர்தான். மிதிவெடியைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் 2017இல் சேர்ந்த இலங்கைக்கு, அகற்றி முடிக்கக் கொடுத்த கெடு 2028. ஒருநாள் இரவில் பிடித்துவிட்டதாக அறிவித்த நிலத்தை உழுவதற்கு இத்தனை வருஷம்.

படைத் தொகையையும் பார். போர் முடிந்து 13 வருஷத்துக்குப் பிறகும் இராணுவத்தில் 2 லட்சம் பேர் இருந்தார்கள். 2030க்குள் அதை 1 லட்சமாகக் குறைப்பதாக 2023 ஜனவரியில் அறிவித்தார்கள், நாடு கடனைக் கட்ட முடியாமல் நின்ற பிறகு. 1979இல் தற்காலிகம் என்று கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் போர் முடிந்து பத்து வருஷம் கழித்தும் ஆட்களைப் பிடித்து வைத்தது.

தோட்டங்களில் வாழும் நம் மலையகத் தமிழ்ச் சனங்களை அடிக்குறிப்பில் தள்ளாதே. 1977, 1983 கலவரங்களுக்குப் பயந்து தோட்டங்களை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போன குடும்பங்கள் அந்தப் போரின் நடுவிலேயே மாட்டிக்கொண்டன. திரும்பி வந்தபோது காணி உறுதி காட்டச் சொன்னார்கள். பலருக்கு உறுதி இருந்ததே இல்லை. பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் 2000 ஒக்டோபர் 25இல் தமிழ் இளைஞர்கள் கொல்லப்பட்ட வழக்கில், 2005இல் உயர் நீதிமன்றம் மேன்முறையீட்டில் வந்த எல்லோரையும் விடுவித்தது. முன்னரங்கு அங்கிருந்து எத்தனை மைல்?

ஆகவே, ஒவ்வொரு வெற்றி அறிவிப்புக்கும் நேரே மூன்று திகதி எழுது: அறிவித்த நாள், ஒரு வருஷம் கழித்து, பத்து வருஷம் கழித்து. மூன்றிலும் யார் எண்ணினார், எண்ணியவருக்கு அதனால் என்ன லாபம், அந்த இடத்துக் குடும்பம் எங்கே இருந்தது என்று நிரப்பு. நிரப்ப முடியாத கட்டத்தை வெறுமையாகவே விடு, ஊகித்து எழுதாதே. திருத்திய அட்டவணையை அடுத்த அத்தியாயத்துக்கு முன்னாலேயே அனுப்பு, அதைப் பார்த்த பிறகு மற்றதை எழுதலாம்.

அன்புடன்,
அப்பா
ஹட்டன்