குதிரைக்குப் பூச்சி மருந்து

அன்புள்ள ஞானம்,

வற்றாப்பளைப் பொங்கலுக்கு முன் எழுதுகிறேன் என்றேன். பொங்கலும் முடிந்துவிட்டது. ஏச வேண்டியதைப் போனிலேயே ஏசிவிட்டாய், ஆகவே அந்தக் கணக்கு சரி. வீட்டில் எல்லோரும் சுகம். சிறுபோகத்துக்குத் தண்ணீர் கிடைத்தது. கந்தையா அண்ணையிடம் இன்னும் அதே சைக்கிள், அதே பெல்.

போனில் பாதியில் நின்ற குதிரைக் கதைக்கு வருகிறேன். தங்கச்சியின் மகன் வாங்கியது ஒன்றல்ல, இரண்டு: ஒரு வெள்ளை, ஒரு மண்ணிறம். நுவரெலியாவில் ஓடிக் களைத்தவை. கலியாணத்துக்கு வாடகைக்கு விடப் போகிறானாம், மாப்பிள்ளை குதிரையில் வந்தால் வீடியோவுக்கு எடுப்பாம். உன் கலியாணத்துக்கு ட்ராக்டர்தானே கிடைத்தது! சரி, விடுவோம், இந்தக் கடிதத்தை உன் மனைவியும் வாசிப்பா.

நெடுங்கேணிக்கு வந்த கையோடு வெள்ளை மெலியத் தொடங்கியது. இவன் வயிற்றுப் பூச்சிக்கு மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான். குதிரைக்கு அதை ஏற்றினால் ஊசி போட்ட இடமே அழுகி ஆளை முடித்துவிடலாம், வாயால்தான் கொடுக்க வேண்டும் என்று பறித்து வைத்தேன். பிறகு கேட்கிறான்: “அப்ப மாமா, ரெண்டு மாதத்துக்கு ஒருக்கா ரெண்டுக்கும் பசை மருந்து குடுப்பமா?” நீயும் அதைத்தானே சொன்னாய், வருகிற ஆட்களிடம் ஒரு டசின் பசைக் குழாய் கொடுத்துவிடவா என்று? மச்சான், நீ இருக்கும் டென்மார்க்கிலேயே 1999 முதல் மிருக வைத்தியரின் சீட்டு இல்லாமல் அதை வாங்க முடியாது. உன் மகள் குதிரை லாயத்தில் நிற்கிறாள், அவளைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

அந்த ‘ரெண்டு மாதம்’ சும்மா வந்ததில்லை. 1960களில் குதிரைகளைக் கொன்றுகொண்டிருந்தது பெரிய இரத்தப் பூச்சி. அதன் குஞ்சு குடலுக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடியில் ஏறி அடைத்துவிடும், குதிரை வயிற்றுக் குத்தில் உருண்டு சாகும். அந்தப் பூச்சி முட்டையிடும் அளவுக்கு வளர ஆறு மாதத்துக்கு மேல் எடுப்பதால், இரண்டு மாதத்துக்கொரு தடவை மருந்தடித்து அதை ஏறக்குறைய ஒழித்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் கூடவே சின்ன இரத்தப் பூச்சிகள் இருந்தன, ஐம்பது சாதிக்கும் அதிகம். அவை மருந்தைத் தின்றே பழகிவிட்டன. பென்சிமிடசோல் வகைப் பழைய பூச்சி மருந்துகள் உலகத்தின் பெரும்பகுதியில் இவற்றிடம் எடுபடுவதில்லை. போதாக்குறைக்கு இவற்றின் குஞ்சுகள் பெருங்குடல் சுவருக்குள் கூடு கட்டி மாதக்கணக்கில், சிலவேளை வருடக்கணக்கில் கிடக்கும். ஒரேயடியாக வெளியே வந்தால் கழிச்சலில் குதிரை போய்விடும். ஐவர்மெக்டின் 1980களில் வந்தது. அதற்குப் பிறகு உருண்டைப் பூச்சிக்கென்று குதிரைக்கு முற்றிலும் புதிய வகை மருந்து எதுவும் வரவில்லை. இருப்பதையும் கெடுத்தால் பிறகு எதைக் கொடுக்கிறது? ஆட்டுக்கும் இங்கே இதே கூத்துத்தான். நாள் பார்த்துக் குளிசை, கண் இமையைப் புரட்டி, இரத்தம் குறைந்து வெளிறியிருக்கிறதா என்று ஒருவரும் பார்ப்பதில்லை. போதனாசிரியராக இருந்தபோதே சொல்லிக் களைத்தேன்.

ஆகவே எந்தக் குதிரைக்கு மருந்து தேவை என்று அறியச் சாணத்தில் பூச்சி முட்டை பார்த்தேன். சிரிக்காதே. சின்னராசுவின் மகள் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்து நுணுக்குக்காட்டி, பேராதனையில் ஒருவரிடம் இரவல் வாங்கிய கட்டம் போட்ட எண்ணும் தட்டு, ஆனையிறவு உப்பு. உப்பு இனிக் கரையாது என்னும் வரை கரைத்து, அந்த நீரில் சாணத்தைக் கலக்கி வடித்தால் முட்டைகள் மேலே மிதக்கும். 4 கிராம் சாணத்துக்கு 56 மில்லிலீற்றர் உப்பு நீர். தட்டின் இரண்டு அறையிலும் எண்ணியதை 50ஆல் பெருக்கினால் ஒரு கிராமில் எத்தனை என்று வரும்.

வெள்ளைக்கு 100. மண்ணிறத்துக்கு 1150. ஒரே புல், ஒரே தண்ணீர்! மெலிந்தது சுத்தம், கொழுத்து மினுங்குகிறவர்தான் நிலமெல்லாம் விதைக்கிறார். வளர்ந்த குதிரைகளில் ஐந்தில் ஒரு பங்குதான் முட்டையில் பெரும்பங்கைப் போடும் என்று படித்தது கண்முன்னே நிற்கிறது. வெள்ளைக்குக் கோளாறு பல்லில்: கடைவாய்ப்பல் கூராகி அரைக்க முடியாமல் நின்றிருக்கிறது. மிருக வைத்தியர் வந்து அராவிவிட்டார், இப்போது தின்கிறது. மண்ணிறத்துக்கு மட்டும் நிறை அளந்து மருந்து கொடுத்தார். பதினாலு நாள் கழித்து மறுபடி எண்ண வேண்டும். அப்போதுதான் மருந்து வேலை செய்ததா என்று தெரியும்.

இப்போது கச்சான் காற்று, நிலம் வறண்டு வெடிக்கிறது. வெளியே விழும் சாணத்தில் குஞ்சுகள் காய்ந்து செத்துவிடும். எனக்குப் பயம் மாரிதான். காலபோக மழை தொடங்கினால் ஒரு கிழமையில் குஞ்சு புல்லில் ஏறி நிற்கும். கிழமைக்கு இரண்டு தரம் சாணம் அள்ளு என்றேன். “நான் குதிரைக்காரனா, தோட்டியா?” என்றான். இரண்டும்தான் என்றேன். குதிரை மேய்ந்த புல்லில் பட்டி மாடுகளை விடச் சொன்னதை மட்டும் உடனே கேட்டான், அதற்கு அவன் குனிய வேண்டியதில்லையே. குதிரைப் பூச்சியில் அநேகம் மாட்டு வயிற்றில் பிழைக்காது.

பேராதனைத் தட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆகவே பசை வேண்டாம், அந்த எண்ணும் தட்டில் இரண்டு வாங்கி அனுப்பு. கண்ணாடி வேண்டாம், பிளாஸ்ரிக் போதும், வழியில் உடையாது. எந்தத் தட்டு என்று மகளுக்குத் தெரியும்.

அன்புடன்,
சிவம்