தெரிந்ததைக் கேளுங்கள், கணக்கை நீங்கள் போடுங்கள்

தேசிய நிதிக் கல்வி மையத்தாருக்கும், வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் ‘நிதி நலம்’ அளக்கும் செயலிகளைச் செய்து தருகிறவர்களுக்கும்,

வணக்கம்.

திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்குக் கணக்கு எழுதுகிறவள் நான். கொஞ்ச காலமாக எங்கள் உறுப்பினர்களின் கைபேசிகளில் ஒரு புதுவகைச் செயலி எட்டிப் பார்க்கிறது. பத்துப் பதினைந்து கேள்விகளைக் கேட்டுவிட்டு, உங்கள் பண நிலைமைக்கு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும். நோக்கம் நல்லது. அதனால்தான் எழுதுகிறேன், நோக்கமே பிடிக்கவில்லை என்றால் செயலியை அழித்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன்.

முதல் கேள்வியே ‘உங்கள் மாத வருமானம்’. விரலால் நகர்த்த ஒரு கோடு. ஒரு முனையில் 15,000, மறு முனையில் 5 லட்சம். நிலக்கோட்டைச் சந்தையில் பூ வாங்கிக் கட்டி விற்கும் எங்கள் உறுப்பினர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, “எந்த மாதத்தைச் சொல்வது?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. வைகாசியில் முகூர்த்தங்கள் வரிசையாக வரும். மார்கழியில் கல்யாணமே கிடையாது. அவருக்குக் காசு வருவது நாள் கணக்கில், போவது வாரக் கணக்கில். 15,000க்குக் கீழே அந்தக் கோடு இறங்கவும் மறுத்தது. கீறல் விழுந்த திரையில் இழுத்துப் பார்த்தார்; ஒரு தரம் 18,000இல் நின்றது, ஒரு தரம் 40,000இல் நின்றது. கடைசியில், “நீயே ஏதாவது போட்டுவிடும்மா” என்று கைபேசியை என்னிடம் நீட்டிவிட்டார். அதற்குப் பிறகு வந்த மதிப்பெண் யாருடையது?

வருமானத்தைக் கேட்க வேண்டாம் என்று சொல்லவில்லை. “நேற்று எவ்வளவு வந்தது? வியாபாரம் நன்றாக நடக்கும் வாரத்தில் எவ்வளவு? படுத்துவிட்ட வாரத்தில் எவ்வளவு? வருடத்தில் எந்த மாதங்கள் மந்தம்?” என்று கேட்டுப் பாருங்கள். நான்கிற்கும் யோசிக்காமல் பதில் சொல்வார். மாதச் சராசரி உங்களுக்குத்தான் தேவை என்றால் அதைப் போடத்தான் கருவி இருக்கிறதே. இழுக்கும் கோட்டை எடுத்துவிட்டு, பெரிய எண்களாகத் தட்டச்சு செய்ய விடுங்கள்.

அடுத்த கேள்வி இன்னும் மோசம்: ‘உங்கள் கடன்களின் ஆண்டு வட்டி விகிதம் என்ன?’ எங்கள் பக்கம் தண்டல் கொடுப்பவர்கள் 10,000 ரூபாய்க் கடன் என்று சொல்லி, 1,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 9,000 ரூபாயைக் கையில் தருவார்கள். நாளுக்கு 100 ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். வாங்குகிறவர் மனக்கணக்கில் ‘ஆயிரம் ரூபாய்தானே’ என்று முடித்துக்கொள்வார். பள்ளிக்கூடக் கணக்குத் தெரிந்தவர் 9,000க்கு 1,000 என்றால் சுமார் 11 சதவீதம் என்பார். இரண்டும் தப்பு. முதல் நாளிலிருந்தே அசல் தேய்ந்துகொண்டு வருகிறது. ஐம்பதாவது நாளில் பாதிப் பணம்தான் உங்களிடம் இருக்கிறது. அதையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஆண்டு வட்டி 77 சதவீதத்தைத் தாண்டுகிறது. இந்த எண்ணைப் பூக்காரம்மா எப்படிச் சொல்வார்? பட்டதாரிகளே தடுமாறுவார்கள். ஆனால் கையில் எவ்வளவு வந்தது, தினம் எவ்வளவு கட்டுகிறார், எத்தனை நாள் என்ற மூன்றும் அவருக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். அந்த மூன்றை மட்டும் கேட்டு வட்டியைச் சொல்லும் செயலி ஒன்று இருந்தால், மதிப்பெண்ணே இல்லாவிட்டாலும் வீடு வீடாகப் போய் நானே ஏற்றித் தருவேன்.

அதோடு நிற்க வேண்டாம். அதே 9,000 ரூபாயைக் குழுவில் நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டிக்கு உள்கடனாக எடுத்து, மாதம் 3,000 வீதம் மூன்று தவணையில் அடைத்தால் மொத்த வட்டி 180 ரூபாய். தண்டலுக்கு 1,000, குழுவுக்கு 180. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். ‘தேவையற்ற கடன்களைத் தவிர்க்கவும்’ என்ற அறிவுரையைவிட இது வேகமாக உறைக்கும்.

அமெரிக்காவின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு உருவாக்கிய நிதி நல அளவுகோலை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மொத்தம் பத்தே கேள்விகள். ஒன்றில்கூட எத்தனை டாலர் என்று கேட்கவில்லை. எதிர்பாராத பெரிய செலவு வந்தால் சமாளிப்பீர்களா, கல்யாணத்துக்கோ பிறந்தநாளுக்கோ பரிசு கொடுத்தால் அந்த மாதம் இழுபறியாகுமா என்ற ரீதியில் போகிறது. பரிசைப் பற்றிய அந்தக் கேள்வியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. மொய் நோட்டு வைத்திருக்கும் நம் ஊருக்கு எழுதியது போல இருக்கிறது! பேராவூரணி, ஆலங்குடிப் பக்கம் ஆடியில் மொய் விருந்தே வைத்துப் பணம் திரட்டுகிறார்கள். வாங்கிய மொய் திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன். போட்ட மொய் திரும்பி வரவேண்டிய பணம். இங்கே நான் பார்த்த செயலிகளில் இதற்கு ஒரு கட்டம்கூட இல்லை. ‘பரஸ்பர நிதியில் முதலீடு உண்டா’ என்பதற்கு மட்டும் மூன்று கட்டங்கள்.

நகையும் அப்படித்தான். எங்கள் பெண்களுக்கு அவசர நிதி என்றால் அது கழுத்திலோ காதிலோ இருக்கும், இல்லாவிட்டால் அடகில் இருக்கும். நான் பார்த்த செயலி தங்கத்தைச் சொத்தாகவும் நகைக்கடனைக் கடனாகவும் தனித்தனியாகக் கேட்டது. இரண்டும் ஒரே சங்கிலி என்பது அதற்குத் தெரியவில்லை. கேட்க வேண்டியது எளிது: எத்தனை பவுன் வீட்டில், எத்தனை பவுன் அடகில், அடகுச் சீட்டில் போட்டிருக்கும் கெடு என்ன? ஏலத்துக்குப் போகும் முன் ஒரு மாதம் இருக்கும்போது செயலி கூப்பிட்டுச் சொன்னால், அதுதான் எங்களுக்கு நிதி நலம்.

தனிநபர், தனிநபர் என்கிறீர்கள். கணவரின் கூலி, மகனின் வண்டித் தவணை, மாமியாரின் முதியோர் உதவித்தொகை, மாதம் வரும் மகளிர் உரிமைத் தொகை எல்லாம் ஒரே அடுப்பில்தான் சேர்கின்றன. ரிசர்வ் வங்கி இதைப் புரிந்துகொண்டிருக்கிறது. 2022 மார்ச்சில் குறுங்கடனுக்கு (மைக்ரோ ஃபைனான்ஸ்) வகுத்த விதிகளில், ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்தைத்தான் அலகாக வைத்தது. குடும்பத்தின் கடன் தவணைகள் எல்லாம் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்றது. சிவப்பு விளக்கு எங்கே எரிய வேண்டும் என்பதற்கு இந்தப் பாதிக் கணக்கே போதும்.

சிவப்பு என்றதும் ஞாபகம் வருகிறது. முடிவைத் திரை நிறையச் சிவப்பில், ‘மோசம்’ என்று காட்டாதீர்கள். எங்கள் வீடுகளில் கைபேசி ஒருவருடையது அல்ல. பையன் பார்ப்பான், பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார். ஆறு மாதச் செலவுக்கான பணத்தைச் சேமிப்பில் வையுங்கள் என்ற அறிவுரையும் வேண்டாம். நாளைக்குப் பூ வாங்கக் கைமுதல் தேடுகிறவரிடம் அது கேலி போலக் கேட்கிறது. அடுத்த வாரம் செய்யக்கூடிய ஒன்றை மட்டும் சொல்லுங்கள்.

இனி சொல்வதில் எனக்கு விட்டுக்கொடுக்கும் எண்ணம் இல்லை. மதிப்பெண்ணைக் காட்டும் முன் கைபேசி எண் கேட்டார்கள். தொடர்புப் பட்டியலைப் பார்க்க அனுமதி கேட்டார்கள். கேள்விகள் தமிழில் இருந்தன. ஒப்புதல் வாசகம் மட்டும் ஆங்கிலத்தில். கொடுத்ததும், குறைந்த மதிப்பெண்ணுக்கு நேர் கீழே ‘உடனடிக் கடன் பெற’ என்று ஒரு பொத்தான். நோயாளியிடம் சர்க்கரை அதிகம் என்று சொல்லிவிட்டு அந்த அறையிலேயே ஜிலேபி விற்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தேவைக்கு மேல் கேட்கக் கூடாது என்கிறது. அறிவிப்பைத் தமிழ் உட்பட அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகளில் படிக்க வழி வேண்டும் என்கிறது. ரிசர்வ் வங்கி, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், ஓய்வூதிய ஆணையம் ஆகிய நான்கும் சேர்ந்து நிறுவியது நிதிக் கல்வி மையம். விற்க எதுவும் இல்லாத இடம் அது ஒன்றுதான். எண் கேட்காத, கடன் விற்காத, விவரங்களைக் கைபேசியை விட்டு வெளியே அனுப்பாத ஒரு கருவியை மையமே செய்து தரட்டும். மற்றவர்கள் அதைப் பார்த்துச் செய்யட்டும்.

வெளியிடும் முன் எங்கள் குழுக் கூட்டத்துக்கு ஒரு தடவை கொண்டுவாருங்கள். விளக்கப் படம் வேண்டாம், பரிசுப் பையும் வேண்டாம். கைபேசியைக் கொடுத்துவிட்டு வாயைத் திறக்காமல் உட்கார்ந்து, எந்தக் கேள்வியில் விரல் நிற்கிறது, எந்த இடத்தில் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கிறார்கள் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். கூட்டம் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல்தான். அதற்கு முன் வந்தால் யாரும் இருக்க மாட்டார்கள். பூ விற்கப் போயிருப்பார்கள்.

இப்படிக்கு,
குழுக்களின் கணக்கு எழுதும் ஒருத்தி