மழைக்குப் பயந்த எஞ்சினைப் பற்றி மகளுக்கு

வியாசர்பாடி

அன்புள்ள பாப்பா,

நாங்கள் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. மாடிப்படியோடு மட்டும் இன்னும் சமாதானம் ஆகவில்லை.

என் பேரன் குட்டி பார்த்து அழுதுவிட்டான் என்று, பேசும் ரயில் எஞ்சின்கள் வரும் தாமஸ் தொடரையே வீட்டில் நிறுத்திவிட்டதாகப் போனில் சொன்னாய். "பொம்மை ரயில்தானே, இதற்கு ஏன் இவ்வளவு?" என்று மாப்பிள்ளை கேட்டதில் உனக்கு வருத்தம். எனக்கு இரண்டு பேர் சொல்வதிலும் உடன்பாடு இல்லை. அதைப் போனில் சொன்னால் பாதியில் நீ சண்டைக்கு வருவாய் என்பதால் எழுதுகிறேன். பெரம்பூர் லோகோவில், ரயில் எஞ்சின் பணிமனையில், ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு எஞ்சின்களின் குணத்தைப் பற்றிப் பேச மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல் உரிமை உண்டு.

குட்டி விடுமுறைக்கு இங்கே இருந்தபோது அவனை அழவைத்த அந்தக் கதையை நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். 1984-இல் இங்கிலாந்தில் ஒளிபரப்பான முதல் வரிசையில் வருவது. ஐந்து நிமிடம்கூட இல்லை. ஹென்றி என்ற எஞ்சின், மழை பட்டால் தன் பச்சை வர்ணமும் சிவப்புக் கோடுகளும் கெட்டுவிடும் என்று சுரங்கத்துக்குள் போய் நின்றுகொள்கிறது. டிரைவரும் ஃபயர்மேனும் வாதாடுகிறார்கள். கார்டு மூச்சு முட்ட விசில் ஊதுகிறார், கை ஓயும்வரை கொடி காட்டுகிறார். அசையவில்லை. கடைசியில் ரயில்வேயின் குண்டு அதிகாரி தண்டவாளத்தைப் பெயர்த்தெடுக்கச் சொல்லி, முன்னால் சுவர் எழுப்பி, "என்றென்றைக்கும் இங்கேயே கிட" என்று விட்டுவிடுகிறார்.

அந்த அதிகாரியைப் படைத்தவரின் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும்போல் இருந்தது. பயணிகள் எல்லோரையும் கயிற்றைப் பிடித்து இழுக்கச் சொல்கிறார். "நான் மட்டும் இழுக்கமாட்டேன், டாக்டர் கூடாது என்றிருக்கிறார்" என்கிறார். இழுத்து வரவில்லை என்றதும் மறுபக்கம் போய்த் தள்ளச் சொல்கிறார். தள்ளுவதையும் டாக்டர் தடுத்திருக்கிறாராம். நான் சிரித்த சிரிப்பில் அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அரசு வேலை பார்த்த யாருக்கும் அந்த மனிதரை நேரில் தெரியும். குழந்தைக்கு அது வெறும் வேடிக்கை, தாத்தாவுக்கு அது முப்பது வருட அனுபவம். ஒரே வசனத்தை இரண்டு வயதுக்காரர்களுக்கும் சேர்த்து எழுதுவது லேசான காரியம் இல்லை.

மழை நின்றுவிட்டது என்று அவர்கள் சொல்லும்போது ஹென்றி, "மறுபடியும் பெய்யுமே, அப்போது என் வர்ணம் என்ன ஆகும்?" என்று கேட்கிறது. ஐப்பசி கார்த்திகையில் வட சென்னையில் இருந்து பார்த்தவர்கள் இந்த வாதத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் குட்டிக்கு வேறு சந்தேகம். "மழைக்கு யாராவது சுரங்கப்பாதைக்குள் போவார்களா தாத்தா, முழுகிவிடாதா?" என்றான். கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றதை அவன் கண்ணால் பார்த்திருக்கிறான் அல்லவா! மலையைக் குடைந்து போடும் சுரங்கம் வேறு என்று படம் போட்டுக் காட்ட வேண்டியதாயிற்று.

கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் சுவர் எழுப்பிய பிறகு வருகிறது. எந்த வர்ணத்தைக் காப்பாற்ற ஹென்றி உள்ளே போனதோ, அந்த வர்ணத்தைச் சுரங்கத்தின் கரியும் அழுக்குமே தின்றுவிடுகின்றன. அது போதும் தண்டனைக்கு. எட்வர்ட் என்ற எஞ்சின் கடந்துபோகும்போது விசிலடித்து வணக்கம் சொல்கிறது. கார்டன் என்ற இன்னொரு எஞ்சின் "உனக்கு நன்றாக வேண்டும்" என்று கூவிக்கொண்டு போகிறது. பதில் சொல்ல ஹென்றியிடம் நீராவி இல்லை, நெருப்பு அணைந்துவிட்டது. இதைவிடச் சுருக்கமாக அவமானத்தைச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை. அந்த நாளில் எல்லாம் நிஜமான மாடல் ரயில்கள், ஒட்டவைத்த முகங்கள். கண் மட்டும் அசையும், வாய் அசையாது. பீட்டில்ஸ் குழுவின் ரிங்கோ ஸ்டார் ஒருவரே எல்லாருக்கும் குரல் கொடுத்துக் கதை சொல்வார். 2009-இலிருந்து முழுக்கக் கணினிப் படமாகி, முகமெல்லாம் தாராளமாக அசைகிறது. எனக்கு அந்த அசையாத முகத்தில் தெரிந்த துக்கம் இதில் தெரியவில்லை.

குறை எங்கே என்றால், கடைசி வாக்கியத்தில். இத்தனையும் காட்டிவிட்டு, "அவனுக்கு அந்தத் தண்டனை தகும்தானே, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கதை சொல்பவர் குழந்தையைப் பார்த்துக் கேட்கிறார். கேள்வி மாதிரி இருக்கிறதே தவிர, ஆமாம் போடச் சொல்கிற மிரட்டல்தான் அது. குட்டி அழுதது சுவரைப் பார்த்து அல்ல, இந்த வரியைக் கேட்டு. பிறகு வண்ணாரப்பேட்டையில் மெட்ரோவுக்காக நிற்கும்போது என் விரலை இறுக்கிக்கொண்டு, "இங்கே யாரையாவது மூடி வைத்திருக்கிறார்களா?" என்றான். ஆகவே நீ பயந்ததில் நியாயம் இருக்கிறது. மாப்பிள்ளை அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

தொழில் முறையிலும் எனக்குச் சண்டை உண்டு. நம் பக்கத்தில் அந்தக் காலத்தில் ஒரு வண்டி நடுவழியில் நின்றால் முதலில் டிரைவருக்கும் ஃபயர்மேனுக்கும் விளக்கம் கேட்டுக் கடிதம் போகும். இந்தக் கதையில் அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எஞ்சின் நகர மறுத்தால் ஷெட்டுக்கு இழுத்துப்போய் என்ன கோளாறு என்று பார்ப்போம். கோளாறு இல்லை என்று தெரிந்த பிறகுதான் திட்டுவோம். ஒரு எஞ்சினைத் தண்டிக்க நல்ல பாதை ஒன்றையே பெயர்த்தெடுத்த அதிகாரியை எந்தத் தணிக்கையும் விட்டுவைக்காது. மழைக்கு எஞ்சின் அஞ்ச உண்மையான காரணமும் இருக்கிறது: ஈரத் தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கும். அதற்காகத்தான் சக்கரத்துக்கு முன்னால் மணல் விடப் பெட்டியும் குழாயும் வைத்தார்கள். வர்ணத்துக்குப் பதில் இதை ஹென்றி சொல்லியிருந்தால் நான் அதன் கட்சிக்கே போயிருப்பேன்.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் உன் கோபம் கொஞ்சம் தணியும். ஆட்ரி என்ற பாதிரியாரின் மகனுக்கு 1940-களில் தட்டம்மை கண்டு படுக்கையில் கிடந்தான். மழைக்குப் பயந்து சுரங்கத்துக்குள் போய் வெளியே வராமலே போன எஞ்சினைப் பற்றிய ஒரு சின்னப் பாட்டை அப்பா பாட, பையன் மேலும் மேலும் கேள்வி கேட்டானாம். அதில் வளர்ந்தவை இந்தக் கதைகள், 1945-இல் புத்தகமாயின. முதலில் மூன்றே கதைகள், ஹென்றி சுவருக்குப் பின்னாலேயே இருந்தது. மூன்று எஞ்சின்களையும் சேர்த்துவைத்து நல்லபடியாக முடிக்க நான்காவது ஒன்று வேண்டும் என்று கேட்டவர் பதிப்பாளர். அந்தச் சுவரை இடித்த புண்ணியம் அவரைச் சேரும்.

தொலைக்காட்சியிலும் அடுத்த கதை அதுதான். கார்டனின் சேஃப்டி வால்வு போய்விடுகிறது, எக்ஸ்பிரஸ் நடுவழியில் நிற்கிறது. எட்வர்டால் தனியாக இழுக்க முடியவில்லை. அப்போதுதான் அதிகாரிக்கு ஹென்றி நினைவுக்கு வருகிறது. சுவரை உடைக்கிறார்கள், நீராவி ஏற்றுகிறார்கள். (குளிர்ந்து கிடந்த பாயிலரில் நீராவி ஏறப் பல மணி நேரம் பிடிக்கும். அதுவரை அந்தப் பயணிகள் என்ன சாப்பிட்டார்களோ!) ஹென்றியும் எட்வர்டும் சேர்ந்து வண்டியை இழுத்து, நின்றுபோன கார்டனையும் கூட்டிக்கொண்டு வருகின்றன. அதிகாரி புது வர்ணம் அடித்துத் தருவதாகச் சொல்ல, புத்தகத்தில் எட்வர்ட் மாதிரி நீலம் வேண்டும் என்கிறது ஹென்றி. மன்னித்ததால் விட்டார்களா, தேவைப்பட்டதால் விட்டார்களா என்று கதை சொல்வதில்லை. அந்த மழுப்பல் எனக்குப் பிடித்தது. பணிமனையிலும் அப்படித்தான் நடக்கும்.

ஆனால் ஒன்று கேள். இந்த இரண்டாவது கதையைப் பார்ப்பதற்கு முன்பே, அழுகையின் நடுவே குட்டி கேட்டான்: "பெயின்ட் போனால் மறுபடி அடித்துக் கொடுத்தால் போச்சே, அதை ஏன் சொல்லவில்லை?" குண்டு அதிகாரிக்கு ஒரு கதை முழுக்கச் சென்ற பிறகு தோன்றியது அவனுக்கு உடனே தோன்றிவிட்டது. இந்தப் பிள்ளையிடமிருந்து ரிமோட்டைப் பிடுங்கி என்ன பாதுகாக்கப் போகிறாய்? இரண்டையும் சேர்த்தே போடு. அந்தக் கடைசிக் கேள்வி வரும்போது நிறுத்திவிட்டு, "நீ சொல்" என்று அவனையே கேள். அவன் இல்லை என்றால் அதுவும் பதில்தான். ஆமாம் என்றாலும் திருத்தாதே, ஏன் என்று மட்டும் கேட்டுக்கொள்.

டிசம்பரில் மழை விட்ட பிறகு வாருங்கள். ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எஃப். பக்கத்தில் இருக்கும் ரயில் அருங்காட்சியகத்துக்கு அவனை அழைத்துப்போய் நிஜ நீராவி எஞ்சினைக் காட்ட வேண்டும். மே மாதம் வந்தால் இரும்பில் கை வைக்க முடியாது. மாப்பிள்ளைக்குப் பிடித்த வடகம் அம்மா போட்டிருக்கிறாள், கூரியரில் அனுப்புகிறோம்.

அன்புடன்,
அப்பா